ரோபோ அணிக்கு முதலில் வேண்டியது காசா, ஆளா?

கேள்வி, 2025 பெப்ரவரி 1

வத்தளைப் பக்கம் ஒரு தமிழ் மொழிமூலப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். தரம் 9, 10 பிள்ளைகள் சிலர் ரோபோ போட்டிக்குப் போகவேண்டும் என்று என் பின்னாலேயே திரிகிறார்கள். எனக்கு ஒரு வயர் பிடிக்கத் தெரியாது. நான் பார்த்தவரை இது காசுள்ள பாடசாலைகளின் விளையாட்டு. வெளியாள் ஒருவரை வைத்துச் செய்விக்கிறார்கள், பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைக்கிறார்கள். காசும் இல்லை, செய்து தர ஆளும் இல்லை என்ற நிலையில் இறங்குவது பிள்ளைகளை ஏய்ப்பதாகாதா?

பெப்ரவரி 2, ஞாயிறு இரவு

ஏய்ப்பு எல்லாம் இல்லை, இறங்குங்கள். நான் இப்போது அதற்குள்தான் நிற்கிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கலவன் பாடசாலை, நான் அங்கே படித்தவன் என்பதால் பழைய மாணவர் சங்கம் ரோபோ அணிக்கு வழிகாட்ட என்னைப் பிடித்து விட்டது. போட்டி மார்ச் கடைசியில். 25 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்கும் ஒரு வண்டி, கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய், நிறம் பார்த்துக் கட்டைகளை அந்தந்த இடத்தில் சேர்க்கவேண்டும். ரிமோட் கிடையாது, தானாக ஓடவேண்டும். இவ்வளவுதான்.

காசு பிரச்சினைதான், ஆனால் முதல் பிரச்சினை அது இல்லை. நேரம். கொழும்பில் தரம் 10 படிக்கும் பிள்ளையின் சனிக்கிழமையைக் கேட்டுப் பாருங்கள். காலையில் வெள்ளவத்தையில் கணித டியூஷன், மத்தியானம் பம்பலப்பிட்டியில் விஞ்ஞானம், பின்னேரம் ஆங்கிலம். ஞாயிறு காலையில் ஒருவருக்கு அறநெறி, ஒருவருக்கு மறைப்பள்ளி, ஒருவருக்குக் குர்ஆன் மத்ரசா. எல்லாருடைய நேரசூசியையும் ஒரே தாளில் எழுதி வெட்டிக்கொண்டு போனால் எங்களுக்கு மிஞ்சியது ஞாயிறு இரண்டு மணி முதல் ஐந்தரை வரை. அதற்குள் ஒருவர் பிறந்தநாள் வீட்டுக்குப் போவார், ஒருவருக்குக் காய்ச்சல் வரும்.

ஆகவே என்ன சாமான் வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் அந்தத் தாளை எழுதுங்கள். எந்த ரோபோ செய்யலாம் என்பதை அதுதான் சொல்லும்.

பெப்ரவரி 3

அமெரிக்காவில் பிள்ளைகள் ஆறு கிழமையில் பெரிய ரோபோவே செய்கிறார்களே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபர்ஸ்ட் ரோபோடிக்ஸ் போட்டியைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். உண்மைதான். ஜனவரியில் விளையாட்டை அறிவிப்பார்கள், முன்பெல்லாம் ஆறு கிழமை கழித்து ரோபோவைப் பெரிய பையில் போட்டுக் கட்டி முத்திரை வைத்துவிட வேண்டும், போட்டி வரைக்கும் தொடக்கூடாது. அந்த விதியை 2020 பருவத்தோடு எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு ஒரு காரணம், வசதியுள்ள அணிகள் பைக்குள் போன ரோபோவைப் போலவே இன்னொன்று செய்து வைத்துக்கொண்டு அதில் தொடர்ந்து வேலை செய்தார்கள், இல்லாதவர்கள் பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அங்கே பிள்ளைகள் வார நாளில் இரவு ஒன்பது மணி வரை பட்டறையில் நிற்பார்கள், சமைத்துக் கொடுக்கப் பெற்றோர் முறை வைத்து வருவார்கள். எங்களுக்கும் எட்டுக் கிழமை இருக்கிறது என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். மணிக்கணக்கில் கூட்டிப் பார்த்தால் ஒரு ஆள் ஒரு கிழமை ஒஃபிஸுக்குப் போகும் நேரம்கூட வராது.

பெப்ரவரி 9, ஞாயிறு

குரங்கு.

இலங்கைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: பதினொன்றரை மணிபோல நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டதாம், அமைச்சரே சொன்னார். நாங்கள் இரண்டு மணிக்குக் கூடும்போதும் எங்கள் பக்கம் வரவில்லை. சோல்டரிங் அயன் குளிர்ந்து கிடக்கிறது, மடிக்கணினியில் சார்ஜ் கொஞ்சம்தான். தரம் 11 பொடியன், ரோபோவுக்கான கட்டளைகளை, அதாவது கணினிக் கோடை, எழுதும் எங்கள் கோடெழுத்தாளன் அவன்தான், தெஹிவளை ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினால் கரண்ட் வரும் என்றான். அதற்கு இன்னொருத்தி, அவர் கோபப்பட்டுத்தான் ஒரு ஆளை பாணந்துறைக்கே அனுப்பியிருக்கிறார் என்றாள்.

வேறு வழியில்லாமல் நிலத்தில் சோக்கட்டியால் களத்தைக் கீறி, ஒரு பிள்ளையை ரோபோவாக நிறுத்தி, மற்றவர்கள் கட்டளை சொல்லி நடத்தினார்கள். "முன்னுக்குப் போ" என்றால் சுவரில் மோதும் வரை போனான். எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லையே என்றான். ஜனவரியில் நான் இதை வெண்பலகையில் படம் போட்டு விளக்கியபோது தலையாட்டிவிட்டுப் போனவர்கள், நேற்றுத்தான் சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் என்கோடர் எதற்கு என்று தாங்களாகக் கேட்டார்கள்.

(மேலே "நேற்று" என்றது ஞாயிறு. தொடங்கிவிட்டு திங்கட்கிழமைதான் எழுதி முடித்தேன். இன்றைக்கு நுரைச்சோலை நிலக்கரி மின்நிலைய இயந்திரங்களும் நின்றுவிட்டன என்று ஒன்றரை மணி நேர மின்வெட்டு வேறு.)

பெப்ரவரி 16

நீண்ட குறிப்பு, பொறுமை இருந்தால் வாசியுங்கள். பற்றரி பற்றி.

வண்டி நேராகப் போகிறது. கட்டை தூக்கும் இயந்திரக் கையைத் தூக்கச் சொன்னாலும் தூக்குகிறது. கையைத் தூக்கிக்கொண்டே திரும்பச் சொன்னால் ஒரு துடிப்பு, எல்லா விளக்கும் அணைந்து மறுபடி எரிந்து, வண்டியின் மூளையான ஆர்டுவினோ பலகை புதிதாகப் பிறந்த மாதிரி முதலிலிருந்து தொடங்குகிறது. பிள்ளைகள் ஒரு முழுப் பின்னேரத்தையும் கோடில் பிழை தேடிக் கழித்தார்கள். எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். ஆனால் வாயைத் திறக்கவில்லை, மல்டிமீட்டரை மட்டும் மேசையில் அவர்கள் பக்கம் தள்ளி வைத்தேன். தரம் 9 பிள்ளை ஒருத்தி, குழுவில் ஆகச் சின்னவள், இரண்டு முனைகளையும் பற்றரிப் பெட்டியின் கம்பிகளில் பிடித்துக்கொண்டு மற்றவனை ஓட்டச் சொன்னாள். சும்மா நிற்கும்போது 7.9 வோல்ட். சக்கரம் சுழலும்போது 6.8. கையும் தூக்கினால் இலக்கம் 4 சொச்சத்துக்கு விழுந்து திரும்ப ஏறுகிறது. அவள் மூச்சுக்கூட விடாமல் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று அவனை ஓட்டவைத்துக்கொண்டே இருந்தாள்.

18650 என்ற வகை உருளை லிதியம் செல் இரண்டு, தொடராக. உறையில் 9900 மில்லி அம்பியர் மணி என்று கொட்டை எழுத்தில். அந்த அளவு செல்லில் நல்ல கம்பனிகள் செய்வதே பெரும்பாலும் 3500, 3600க்குள்தான். 9900 என்று எழுதியிருந்தால் வாசிக்கத் தேவையே இல்லை, போலி. ஆனால் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப வேண்டுமே. "கடையில் பொய் எழுதி விற்பார்களா அண்ணா?" என்று உண்மையான அதிர்ச்சியோடு கேட்டார்கள்.

நல்ல 18650 ஒன்று கிட்டத்தட்ட 45 கிராம் இருக்கும். ஒருத்தனின் அப்பா செட்டியார் தெருவில் நகைக்கடையில் வேலை. ஒருநாள் பள்ளி விட்டு அங்கே போயிருக்கிறார்கள். தங்கம் நிறுக்கும் தராசு, சிவப்பு வெல்வெட் தட்டு, அதில் நீல உறை பற்றரி. 31 கிராம். கடையில் இருந்த ஒரு அம்மா தாலிக்கொடி நிறுக்க வந்தவர், இதென்ன தம்பி புது விதமான நகையா என்று கேட்டாராம். பழைய மடிக்கணினிப் பற்றரியை உடைத்து எடுத்த செல் ஒன்றையும் கொண்டுபோயிருந்தார்கள், அது 45ஐத் தாண்டியது.

பற்றரிக்குள்ளேயே இருக்கும் தடையை அகத்தடை என்பார்கள், அது உயர்தரப் பௌதிகவியலில்தான் வரும். ஆனால் ஓமின் விதி இவர்களுக்குத் தெரியும். ஒரு செல்லுக்குள் 0.3 ஓம் ஒளிந்திருக்கிறது என்று வையுங்கள், இரண்டுக்கும் 0.6, சக்கர மோட்டர்களும் கையைத் தூக்கும் சர்வோ மோட்டரும் சேர்ந்து 5 அம்பியர் இழுத்தால் 3 வோல்ட் பற்றரிக்குள்ளேயே செத்துவிடும். சின்னவள் கொப்பியில் கணக்கைப் போட்டுவிட்டு, மீட்டர் காட்டியதும் கிட்டத்தட்ட இதுதானே என்று என்னைப் பார்த்தாள்.

சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாம் கிடைக்கும், உறையில் எழுதியிருப்பதை மட்டும் வாங்கி வராதீர்கள்.

பெப்ரவரி 17

பற்றரியை மட்டும் குறை சொல்லாதே, மோட்டர்களுக்கு மின்னைக் கொடுக்க நீ பாவிக்கும் எல் 298 மோட்டர் ட்ரைவர் பலகையும் 2 வோல்ட்டைத் தின்னும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். அது பழைய காலத்து இருமுனை டிரான்சிஸ்டர் வடிவமைப்பு, 1 அம்பியரிலேயே 2 வோல்ட் அளவில் வெப்பமாகப் போய்விடும், அதனால்தான் அந்தப் பெரிய கறுப்பு அலுமினியத் துண்டு. பதிலுக்கு டிபி 6612 என்ற இன்னொரு ட்ரைவர் போட்டோம். சேனல் ஒன்றுக்குத் தொடர்ச்சியாக 1.2 அம்பியர் தாங்கும், எங்கள் சின்ன மோட்டர்களுக்குப் போதும். சர்வோவுக்குத் தனியாக வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் எல்எம் 2596 மாற்றி. சர்வோவை ஆர்டுவினோவின் 5 வோல்ட் முனையில் இருந்து ஓட்டுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், இப்போதே கழற்றுங்கள், மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம்.

பஞ்சிகாவத்தையில் பழைய கார் வைப்பர் மோட்டர் மலிவு என்றும் ஒருவர் சொல்கிறார். 25 சென்டிமீட்டர் வண்டிக்கு வைப்பர் மோட்டரா? மழைக்கு மட்டும் உதவும்.

பெப்ரவரி 23

கோடெழுத்தாளன் இன்றோடு விடை பெற்றான். மார்ச் 17 சாதாரண தரப் பரீட்சை தொடங்குகிறது, அவனுடைய அம்மா எனக்கு ஃபோன் எடுத்து மரியாதையாகத்தான் கேட்டார். "தம்பி, இனி அவனை விட்டுவிடுங்கோ, பரீட்சை முடிய நானே கொண்டுவந்து விடுறன்." என்ன சொல்ல? சரி அம்மா என்றேன். இது வரும் என்று ஜனவரியிலேயே தெரியும், அதனால்தான் சின்னவளை அவன் பக்கத்திலேயே இருத்தி வைத்தோம். ஆனால் பக்கத்தில் இருந்து பார்ப்பதும் தானே எழுதுவதும் ஒன்றல்ல.

அவன் விட்டுப்போன கோடில் திருப்பங்கள் எல்லாம் நேரத்தை வைத்து. இடது பக்கம் திரும்ப 420 மில்லிசெக்கன் மோட்டரை ஓட்டு என்று இருக்கிறது. பற்றரி முழுதாக இருந்தால் சரியாகத் திரும்பும், பாதியானால் முக்கால்வாசிதான் திரும்பும். நானூற்றிருபது என்று பெயர் வைத்தால் பின்னே எப்படி நடக்கும் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னவள் அதை என்கோடர் எண்ணிக்கைக்கு மாற்றப் போகிறாள்.

இன்று நடந்த பெரிய விஷயம் அது இல்லை. கையைக் கழற்றினோம்.

கட்டையைப் பிடித்துத் தூக்கி வைக்கும் கை. தரம் 10 பொடியன் ஒருவன் டிசம்பரில் இருந்து ரிஜிபோமிலும் அட்டையிலும் செய்து, பிறகு முப்பரிமாண அச்சில் எடுத்தது. பார்க்க அழகு, மூன்று முறை பிடித்தால் இரண்டு முறை பிடிக்கும். விதிகளை எடுத்து வாசித்தால் கட்டை தன் இடத்தில் நிலத்தில் இருந்தால் புள்ளி, எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அப்படியானால் தள்ளினால் போதாதா? வி வடிவத்தில் ஒரு முன்தட்டு போதும். கேள்வியை நான் கேட்டேன், பதிலை அவர்கள் வாக்கெடுத்தார்கள், ஒரே ஒரு வாக்கு எதிராக. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. அவன் ஒன்றும் பேசாமல் நான்கு திருகாணிகளையும் தானே கழற்றி, கையைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

பெப்ரவரி 27

சிவராத்திரி அன்று எப்படியும் விழித்திருக்கிறோம், அந்த இரவு ரோபோ வேலை செய்யலாமா என்று குழுவின் வட்சப்பில் கேட்டார்கள். கோயிலுக்குப் போங்கடா என்றேன். நாலாம் சாமத்தில் ஒருவன் படம் அனுப்பினான், பொன்னம்பலவாணேசர் கோயில் மண்டபத்தூணில் சாய்ந்துகொண்டு கொப்பியில் வி தட்டு வரைகிறான். கை செய்தவன்தான்.

மார்ச் 4

நோன்பு தொடங்கிவிட்டது. எங்கள் இருவர் நோன்பு பிடிக்கிறார்கள், மற்றவர்களும் அவர்கள் முன்னால் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று தாங்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். மார்ச் 2 ஞாயிறு நேரம் இழுபட்டு நோன்பு திறக்கும் நேரமாகிவிட்டது. ஒருவனின் உம்மா பெரிய சட்டியில் கஞ்சியும் சமோசாவும் அனுப்பியிருந்தார், எல்லாருக்கும். அடுத்த கிழமையும் நேரம் இழுபடும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

காசு பற்றி நான் பெப்ரவரி 2 எழுதியதைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறேன். நேரம்தான் முதல் என்பதில் மாற்றமில்லை. ஆனால் காசு நேரத்தை வாங்கும் என்பதை அங்கே சொல்லவில்லை. சீனாவில் இருந்து வரவேண்டிய சென்சர் இன்னும் வரவில்லை. இங்கேயே கடையில் இருக்கிறது, விலை கூட. காசுள்ள அணி அன்றைக்கே வாங்கிப் பூட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கும், நாங்கள் பழையதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். 2022இல் டொலர் 200இல் இருந்து 360க்கு ஏறியபோது இங்கே எத்தனையோ பேர் இந்தப் பொழுதுபோக்கையே மூட்டை கட்டினார்கள். அந்த நேரம் நாங்கள் பழைய பிரிண்டரில் இருந்து மோட்டர் கழற்றினோம். இப்போதும் கழற்றலாம். ஆனால் கழற்றுவது ஒரு பின்னேரம், எங்களிடம் இருப்பதும் கிழமைக்கு ஒரு பின்னேரம்.

ஆகவே வத்தளை ஆசிரியருக்கு: சங்கத்திடம் கேட்கும்போது "ரோபோவுக்குக் காசு" என்று கேட்காதீர்கள், யாரும் தரமாட்டார்கள். மேலதிகமாக ஒரு சோடி மோட்டர், ஒரு ட்ரைவர், நல்ல செல் நான்கு என்று சாமானாகக் கேளுங்கள். எரிந்துபோனால் அன்றைக்கே மாற்ற ஒன்று கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 7

பிள்ளைகளின் ரோபோவில் பெரியவர் கை வைக்கலாமா என்ற சண்டை தொடங்கிவிட்டது போலிருக்கிறது. என் பங்குக்கு.

எந்தப் போட்டி என்பதைப் பொறுத்தது. உலக ரோபோ ஒலிம்பியாட்டில் தெளிவாகவே இருக்கிறது: செய்வதும் கோடெழுதுவதும் பிள்ளைகள் மட்டும், போட்டி நேரத்தில் பயிற்சியாளர் கிட்டவும் போகமுடியாது. அமெரிக்காவில் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் பெரிய போட்டியில் அப்படி இல்லை, பொறியியலாளரும் மாணவரும் ஒரே மேசையில் நின்று செய்வதுதான் நோக்கமே. அங்கே வழிகாட்டிக்கென்று, அந்தப் போட்டியை உருவாக்க உதவிய பேராசிரியர் வூடி ஃப்ளவர்ஸ் பெயரில் ஒரு விருது 1996 முதல் இருக்கிறது, யாருக்கு என்று முன்மொழிவது மாணவர்கள். இரண்டும் இரண்டு விதமான நம்பிக்கை. எங்கள் போட்டி முதல் வகை, ஆகவே நான் தொடுவதில்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால் கையைக் கட்டுவது சுலபம். வாய்தான். பிள்ளை வயரை மாறிச் சொருகுகிறாள், எனக்குத் தெரிகிறது, சொன்னால் ஒரு செக்கனில் முடியும், சொல்லாவிட்டால் அரை மணி நேரம் போகும், மொத்தமே மூன்றரை மணி நேரம்தான். என்ன செய்வது? நான் வைத்திருக்கும் கணக்கு இப்படி: பிழைத்தால் சாமான் எரியுமா? எரியும் என்றால் உடனே சொல்வேன். எரியாது என்றால் பிளேன்ரீ குடிக்க வெளியே போய்விடுவேன். லிதியம் செல் சார்ஜ் போடுவது மட்டும் முழுக்க என் பொறுப்பு, பிள்ளைகள் தொடுவதில்லை, நான் பக்கத்தில் இல்லாமல் சார்ஜும் ஏறுவதில்லை, பக்கத்தில் மணல் வாளி. இதில் ஜனநாயகம் கிடையாது.

"நீங்கள் பிளேன்ரீ குடிக்கப் போனால் நாங்கள் ஏதோ பிழையாய்ச் செய்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும் அண்ணா" என்று போன கிழமை சின்னவள் சொன்னாள். இனி வேறு ஏதாவது யோசிக்கவேண்டும்.

மார்ச் 16

நாளைக்குப் பரீட்சை, பாடசாலை பரீட்சை நிலையம், மண்டபத்துக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். ஒரு பிள்ளையின் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்குக் களத்தைச் சுருட்டிக்கொண்டு போனோம். மேற்குப் பார்த்த வாசல். மூன்று மணி வரை ரோபோ கோட்டின் மேல் தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது. நான்கு மணிக்கு வெயில் சரிந்து களத்தின் பாதியில் விழுந்ததும், அந்தப் பாதிக்கு வந்தவுடன் கோட்டை விட்டுவிட்டு நேரே கார்ச் சக்கரத்தைத் தேடிப் போகிறது.

கோடு பார்க்கும் சென்சர் அகச்சிவப்பில் பார்க்கிறது, வெயிலில் அகச்சிவப்பு அள்ளிக் கொட்டுகிறது. வெள்ளைக்கு இவ்வளவு, கறுப்புக்கு இவ்வளவு என்று கோடில் எழுதிவைத்த எல்லை இலக்கம் ஒரு பின்னேரத்துக்குத்தான் உண்மை. சின்னவள் இப்போது ஓட்டத்துக்கு முன்னால் வண்டியைக் கோட்டின் மேல் இடமும் வலமும் ஒருமுறை ஆட்டி, ஒவ்வொரு சென்சரும் கண்ட ஆகக் கூடிய, ஆகக் குறைந்த அளவைப் பதிந்து, நடுவை அங்கேயே கண்டுபிடிக்க வைத்திருக்கிறாள். கை செய்தவன் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சென்சரைச் சுற்றிப் பாவாடை கட்டினான். இரண்டும் சேர்ந்த பிறகு வெயிலிலும் ஓடுகிறது, முழுக்க இல்லை, பரவாயில்லை என்கிற அளவுக்கு.

சென்சரின் விளக்கு எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. ஃபோனின் முன்பக்கக் கமராவில் பாருங்கள், பெரும்பாலான ஃபோன்களில் ஊதா மாதிரித் தெரியும். இன்னொன்று, கறுப்பு மை எல்லாம் அகச்சிவப்புக்குக் கறுப்பு இல்லை. சில சாயங்கள் கண்ணுக்குக் கறுப்பு, சென்சருக்கு வெள்ளை. வீட்டில் அச்சடித்த தாளில் ரோபோ கோட்டையே காணவில்லை என்றால் எழுதிய கணினிக் கோடைக் குறை சொல்ல முதல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பாருங்கள்.

மார்ச் 23

இன்றோடு மாற்றம் நிறுத்தம். இனி ஓட்டம் மட்டும்.

இதற்குத்தான் நான் இவ்வளவு நாளும் முட்டி மோதினேன். கடைசி ஞாயிறு வரைக்கும் புதிது புதிதாகப் பூட்டிக்கொண்டிருக்கும் அணிகளைப் பார்த்திருக்கிறேன், போட்டி மேசையில்தான் அவர்கள் ரோபோவை முதல் முறை முழுக்க ஓட்டுவார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் பின்னேரம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பற்றரி வோல்ட், எங்கே நின்றது, ஏன், என்று கொப்பியில் ஒரு வரி. சலிப்பான வேலை. அந்த வரிகளை வாசித்தால் 7.4க்குக் கீழே இறங்கியபிறகு ஓடிய எதுவும் உருப்படவில்லை என்று தெரிந்தது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சார்ஜ் ஏற்றிய சோடி. மடிக்கணினியில் இருந்து எடுத்த பழைய செல்கள்தான்.

கணினிக் கோடை மாற்ற ஆசை வராதா? வந்தது. சின்னவளுக்கே வந்தது. மாற்றிய பதிப்பை வேறு பெயரில் வைத்துக்கொள், போட்டி முடிய ஓட்டிப் பார்க்கலாம் என்று கை செய்தவன் அவளிடம் சொன்னான். நான் அப்போது பிளேன்ரீ கடையில் இல்லை, பக்கத்தில்தான் நின்றேன்.

மார்ச் 29, சனி இரவு

நடுவில் வந்தோம். இரண்டாம் சுற்றில் களத்தின் இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மேடு, வி தட்டின் விளிம்பு அதில் தட்டி வண்டி கோணிவிட்டது. முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும் சுத்தம், எல்லாக் கட்டையும் சேர்ந்தது. முதலிடம் பெற்ற அணியிடம் கை இருந்தது, நன்றாகவும் வேலை செய்தது, கட்டையைத் தூக்கிக்கொண்டு போனதால் மேடு அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை.

எங்கள் கைக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை.

மார்ச் 30

கையைக் கழற்றியது சரியா என்று இரவு முழுக்க மண்டையைக் குடைந்தது. எங்கள் நேரத்துக்கு அது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். கையோடு போயிருந்தால் ஓட்டிப் பழக ஒரு ஞாயிறுகூட மிஞ்சியிருக்காது, முதலாம் மூன்றாம் சுற்றுகளும் போயிருக்கும். ஆனால் வென்ற அணியின் ஆசிரியரோடு கதைத்தபோது, அவர்கள் அந்தக் கையைப் போன வருடமே செய்து முடித்துவிட்டு இந்த வருடம் பூட்ட மட்டும் செய்தார்களாம். கை செய்யப் பருவம் சரியான நேரம் இல்லை, பருவம் இல்லாத காலம்தான் சரியான நேரம். இதை அவனிடம் இன்று காலையில் ஃபோனில் சொன்னேன். "அப்ப மே மாதம் தொடங்கலாமா?" என்றான். வெசாக் கூடு கட்ட வேண்டாமா உங்கள் ஒழுங்கையில் என்றேன். அதில் வரும் மோட்டரையும் கழற்றலாம் என்றான்.

ஏப்ரல் 6

கோடெழுத்தாளன் பரீட்சை முடிந்து வந்துவிட்டான், அம்மா சொன்னபடி தானே கொண்டுவந்து விட்டார். வந்ததும் சின்னவள் மாற்றியதைத் திறந்து பார்த்து, ஏன் என் மாறிகளின் பெயரை எல்லாம் மாற்றினாய் என்று கேட்க, நீ ஏ1, ஏ2, ஏ3 என்று வைத்தால் யாருக்கு விளங்கும் என்று அவள் திருப்பிக் கேட்க, இரண்டு பேரும் ஒரு மணி நேரமாக வாதாடுகிறார்கள். நான் உள்ளே போகவில்லை.

வத்தளை ஆசிரியர் தனியே எழுதியிருந்தார், நேரசூசித் தாள் எழுதிப் பார்த்தாராம். அவர்களுக்குப் புதன் பின்னேரமும் சனி காலையும் கிடைக்கிறதாம், எங்களைவிட இரண்டு மடங்கு. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். சேர், 9900 செல் நாலு எங்களிடம் சும்மா கிடக்கிறது. ஓட்டத்துக்கு ஆகாது, ஆனால் பிள்ளைகளுக்கு மீட்டர் பிடித்துக் காட்ட அதைவிட நல்ல சாமான் இல்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றவேண்டாம்.